புகார் கொடுக்க ஆள் வராத திருட்டு!

ஜப்பான் கார்ட்டூன் மீது பைத்தியம் பிடித்த கல்லூரி மாணவர்கள்
காப்பி டேப்பில் தொடங்கி ரூ.8,700 கோடியில் வந்து நின்ற கதை

அடுத்தவன் எடுத்த படத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் காப்பி எடுத்தார்கள். அதன் மேல் தாங்களே மொழிபெயர்த்து எழுத்து ஏற்றினார்கள். பல்கலைக்கழக அரங்கத்திலேயே விளக்கை அணைத்துவிட்டு, கூட்டம் கூட்டிப் போட்டுக் காட்டினார்கள். தபாலில் ஊர் ஊராக அனுப்பவும் செய்தார்கள்.

இத்தனையும் செய்தது கொள்ளைக் கும்பல் அல்ல. அமெரிக்காவில் என்ஜினீயரிங்கும் கணிதமும் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். அவர்கள் நடத்தியது ஜப்பான் கார்ட்டூன் ரசிகர் சங்கம்.

சட்டப்படி பார்த்தால் குற்றம்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால், பொருளைப் பறிகொடுத்த கம்பெனிகள் கோர்ட்டுப் படி ஏறவில்லை. பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டன.

ஏன் அப்படி? அதன் விவரம் வருமாறு:-

வெட்டிக் கூறு போட்ட டெலிவிஷன்

ஜப்பான் கார்ட்டூன் படங்களுக்கு "அனிமே" என்று பெயர். அங்கே அது சின்னப் பிள்ளைகள் சமாசாரம் மட்டும் அல்ல. சண்டை, காதல், சாவு, அரசியல் எல்லாம் அதில் வரும். வாரா வாரம் தொடர்கதையாக ஓடும்.

அமெரிக்க டெலிவிஷன்காரர்கள் அதை விலைக்கு வாங்கினார்கள். வாங்கியதை அப்படியே போடவில்லை. கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். ரத்தம் வந்தால் வெட்டு. சாவு வந்தால் வெட்டு. பெயர்களையும் மாற்றினார்கள். கதையையும் மாற்றினார்கள்.

1985-ல் "ரோபோடெக்" என்று ஒரு தொடர் வந்தது. அது ஒரு தொடரே அல்ல. ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத 3 ஜப்பானிய தொடர்களை ஒட்டுப்போட்டு, ஒரே கதை மாதிரி 85 பகுதிகளாகத் தைத்துவிட்டார்கள்!

ஹயாவோ மியாசாகி எடுத்த "நவ்சிகா" படத்துக்கும் அதே ஆண்டில் அதே கதிதான். ஏறத்தாழ 2 மணி நேரப் படத்தில் 20 நிமிடத்துக்கு மேல் வெட்டி எறிந்துவிட்டு, வேறு பெயரில் வெளியிட்டார்கள்.

ரசிகர்களுக்கு ஆத்திரம் வந்தது. "வெட்டாத படம் வேண்டும்" என்றார்கள். அது எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது. பணம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் விற்க ஆள் இல்லை. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

டேப் வந்த வழி

வீடியோ டேப் வந்த பிறகு வழி பிறந்தது. 1977-ம் ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதல் ரசிகர் சங்கம் அமைந்தது. அது கல்லூரிச் சங்கம் அல்ல. ஆனால் பின்னால் வந்த மாணவர் சங்கங்களுக்கு வழி காட்டியது அதுதான்.

டேப் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானில் அமெரிக்க ராணுவ முகாம்கள் உண்டு. அங்கே இருந்த சிப்பாய்களில் சிலர் ரசிகர்கள். அவர்கள் டெலிவிஷனில் வந்ததைப் பதிவு செய்து அனுப்பினார்கள். ஜப்பான் ரசிகர்களோடு பேனா நட்பும் இருந்தது. அவர்களுக்கு "ஸ்டார் டிரெக்" மாதிரி அமெரிக்கத் தொடர்கள் மேல் ஆசை. "நீ அதை அனுப்பு, நான் இதை அனுப்புறேன்" என்று பண்டமாற்று நடந்தது. காசு கைமாறவில்லை.

இதில் ஓர் அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. டெலிவிஷன் ஒளிபரப்பு முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவிலும் ஐரோப்பாவின் பெரும் பகுதியிலும் இருந்தது "பால்" முறை. ஜப்பானும் அமெரிக்காவும் ஒரே "என்.டி.எஸ்.சி." முறையை வைத்திருந்தன. அதனால் டோக்கியோவில் பதிவான டேப், கலிபோர்னியாவில் போட்டவுடன் ஓடியது. முறை வேறாக இருந்திருந்தால் இந்தச் சங்கங்கள் இவ்வளவு சுலபமாக முளைத்திருக்காது.

பறிகொடுத்தவரே வந்தார்!

இன்னொரு வேடிக்கை. ஜப்பானில் "கார்ட்டூன் கடவுள்" என்று கொண்டாடப்பட்டவர் ஒசாமு டெசுகா. 1963 ஜனவரி 1-ந் தேதி "ஆஸ்ட்ரோ பாய்" தொடரை டெலிவிஷனில் கொண்டு வந்தவர். 1980-ல் அவர் அமெரிக்காவில் சான் டியேகோ நகரில் நடந்த காமிக்ஸ் மாநாட்டுக்கு வந்தார். விருதும் வாங்கினார்.

இந்த ரசிகர்களோடு அவர் முகம் சுளிக்காமல் பழகினார். கடல் தாண்டி தன் படத்துக்கு இப்படி ஒரு கூட்டம் இருக்கிறதே என்று எந்தக் கலைஞனுக்கும் சந்தோஷம் இருக்கத்தானே செய்யும்!

இருட்டு அரங்கில் 'ஷோ'

1980-களின் கடைசியில் ஆட்டம் பல்கலைக்கழகங்களுக்கு வந்தது. 1989-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் "கால்-அனிமேஜ்" என்ற மாணவர் சங்கம் தொடங்கியது. அதே பெயரில் வேறு வளாகங்களிலும் கிளைகள் முளைத்தன. கார்னெல் பல்கலைக்கழகத்திலும், மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் இதே மாதிரி சங்கங்கள்.

கல்லூரி என்பது இந்த வேலைக்குத் தோதான இடம். பகலில் பாடம் நடக்கிற பெரிய அரங்கம் ராத்திரியில் சும்மா கிடக்கும். பதிவு பெற்ற மாணவர் சங்கம் என்றால் அதைக் கேட்டு வாங்கலாம். படம் காட்டும் கருவியும் அங்கேயே இருக்கும். ஜப்பானிய மொழி படிக்கிற பிள்ளைகளும் பக்கத்து வகுப்பிலேயே இருப்பார்கள்.

ஆரம்பத்தில் டேப்பில் ஆங்கில எழுத்து ஓடாது. எல்லாம் ஜப்பானிய மொழிதான். அதனால் உள்ளே நுழையும்போதே கதைச் சுருக்கம் அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். சில இடங்களில் விஷயம் தெரிந்த ஒரு பையன் முன்னால் நின்று, "இப்போ அவன் அவளைத் திட்டுறான்" என்று கதை சொல்லுவான். அதற்கும் கூட்டம் கூடியது.

டேப்பின் லட்சணமும் சொல்லும்படி இல்லை. காப்பிக்குக் காப்பி, அதற்கும் காப்பி என்று போகப் போகப் படம் கலங்கும். சிவப்பு நிறம் வழியும். ஆள் முகம் எது, சுவர் எது என்று தெரியாது. அப்படியும் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

எழுத்து ஏற்றும் தொழிற்சாலை

அதே காலத்தில் "அமிகா" என்ற கம்ப்யூட்டர் வந்தது. ஓடுகிற படத்தின் மேலே கம்ப்யூட்டர் எழுத்தைப் பொருத்தி, இரண்டையும் சேர்த்துப் புது டேப்பில் பதிவு செய்ய அதில் வசதி இருந்தது. அதற்குத் தனியாக ஒரு சாதனமும் மாட்ட வேண்டும். எல்லாம் சேர்த்தால் மாணவர்களுக்குத் தாங்காத செலவு. கூட்டாகக் காசு போட்டு வாங்கினார்கள்.

வேலை லேசானது அல்ல. ஒருவர் வசனத்தை மொழிபெயர்ப்பார். இன்னொருவர் ஒவ்வொரு வசனமும் எந்த விநாடியில் தொடங்கி எந்த விநாடியில் முடிகிறது என்று குறித்துக்கொள்வார். மூன்றாமவர் பிழை பார்ப்பார். 25 நிமிடப் படத்துக்கு நூற்றுக்கணக்கான வரிகள். பரீட்சையைக்கூட மறந்துவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. கூலி? ஒரு பைசா கிடையாது!

டேப் வேண்டும் என்கிறவர்கள் வெற்று டேப்பையும், திரும்பி வரத் தபால் தலையையும் வைத்து அனுப்ப வேண்டும். சங்கத்துக்காரர்கள் பதிவு செய்து திருப்பி அனுப்புவார்கள்.

மாணவர்கள் போட்ட 'சட்டம்'

அவர்கள் தங்களுக்குள்ளேயே சில கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். எந்த அரசாங்கமும் போட்ட சட்டம் அல்ல. எல்லாரும் மதித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆனால் மரியாதையான சங்கங்கள் மதித்தன.

ஒன்று: இதை வைத்துக் காசு சம்பாதிக்கக் கூடாது. "விற்பனைக்கும் வாடகைக்கும் அல்ல" என்ற வாசகத்தைப் படத்தின் மேலேயே போட்டார்கள்.

இரண்டு: முறைப்படி கடைக்கு வராத படத்தை மட்டுமே தொட வேண்டும்.

மூன்று: ஒரு கம்பெனி உரிமை வாங்கிவிட்டது என்று தெரிந்தால், அன்றோடு காப்பி எடுப்பதை நிறுத்திவிட வேண்டும். ரசிகன் காசு கொடுத்துக் கடையில் வாங்க வேண்டும்.

அந்த மூன்றாவது கட்டுப்பாடுதான் முக்கியம். உரிமையாளர் வருகிற வரைக்கும் கடையைப் பார்த்துக்கொள்கிற வேலையாக இதை அவர்கள் நினைத்தார்கள். உரிமையாளர் வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும்.

கோர்ட்டு என்ன சொன்னது?

சட்டம் என்ன சொல்கிறது? காப்பி எடுப்பதும், மொழிபெயர்ப்பதும், ஊருக்குக் கொடுப்பதும், பொது இடத்தில் காட்டுவதும் உரிமையாளர் ஒருவருக்கே உள்ள உரிமை. இந்தச் சங்கங்கள் நான்கையும் மீறின.

1976-ல் யூனிவர்சல் கம்பெனியும் வால்ட் டிஸ்னி கம்பெனியும் சோனி மேல் வழக்கு போட்டன. சோனி தயாரித்த "பீட்டாமேக்ஸ்" வீடியோ டெக்கை வைத்து ஜனங்கள் படத்தைக் காப்பி எடுக்கிறார்கள் என்பது புகார். 1984 ஜனவரி 17-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. 9 நீதிபதிகளில் 5 பேர் சோனி பக்கம், 4 பேர் எதிர்ப்பக்கம். "டெலிவிஷனில் வருவதை வீட்டில் பதிவு செய்து பிறகு பார்ப்பது தப்பில்லை" என்று முடிவானது.

ஆனால் அது வீட்டுக்குத்தான் பொருந்தும். அரங்கத்தில் கூட்டம் கூட்டிக் காட்டுவதற்குப் பொருந்தாது.

அப்படியானால் போலீஸ் ஏன் பிடிக்கவில்லை? அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இதை ஜெயில் தண்டனைக்குரிய குற்றமாக ஆக்க வேண்டுமானால், "லாப நோக்கம்" இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். காசே வாங்காதவன் மேல் அதை எப்படி நிரூபிப்பது?

இதற்கு ஓர் உதாரணம். 1994-ல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் ஒருவர் மேல் வழக்கு வந்தது. அது கார்ட்டூன் வழக்கு அல்ல. கம்ப்யூட்டர் புரோகிராம்களைப் பலரும் இலவசமாக எடுத்துக்கொள்ள வழி செய்தார் என்று குற்றச்சாட்டு. அவர் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1997 டிசம்பரில் புதுச் சட்டம் வந்தது. காசு வாங்கினால்தான் லாபம் என்று இல்லை, பண்டமாற்றாக வேறொரு காப்பி வாங்கினாலும் லாபம்தான் என்று அது கூறியது. பண்டமாற்றில் வளர்ந்த டேப் ரசிகர்கள் அன்று முதல் சட்டத்தின் கண்ணில் வேறு ஆட்களாகிவிட்டார்கள்.

ரசிகன் முதலாளி ஆனான்

இதற்குள் கம்பெனிகள் வந்துவிட்டன. வந்தவர்கள் பலரும் வெளியாட்கள் அல்ல. ரசிகர்களே!

1988-ல் ராபர்ட் உட்ஹெட் என்பவரும் ரோ ஆடம்ஸ் என்பவரும் சேர்ந்து "அனிமெய்கோ" கம்பெனியைத் தொடங்கினார்கள். உட்ஹெட், கார்னெல் பக்கம் இருந்து வந்த கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரர். 1990-ல் நியூயார்க்கில் "சென்ட்ரல் பார்க் மீடியா". 1992-ல் ஹூஸ்டன் நகரில் "ஏ.டி.வி. பிலிம்ஸ்".

எந்தப் படத்தை வாங்கினால் ஓடும் என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்லூரி அரங்கத்தில் எந்தப் படத்துக்குக் கைதட்டல் விழுகிறது என்று பார்த்தாலே போதும். விளம்பரச் செலவு இல்லாமல் சந்தை தயாராக இருந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போகாத ரகசியம் இதுதான். ஓசியில் ஊழியம் செய்கிறவனை யார் உள்ளே தள்ளுவார்கள்?

பெர்க்லி சங்கத்தில் பழகியவர்கள் முன்னின்று 1992 ஜூலையில் சான் ஜோஸ் நகரில் "அனிமே எக்ஸ்போ" என்ற திருவிழாவை நடத்தினார்கள். வந்தவர்கள் 2 ஆயிரத்துக்கும் குறைவு. அதே விழாவுக்கு 2019-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1 லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வந்தார்கள்.

கட்டுப்பாடு பறந்தது

இன்டர்நெட் வந்ததும் நிலைமை தலைகீழ் ஆனது. டேப் காப்பி எடுக்க நேரம் பிடிக்கும். தபால் போக நாள் பிடிக்கும். இப்போதோ ஜப்பானில் ராத்திரி ஓடிய படம், மறுநாள் எழுத்தோடு உலகம் முழுக்க இறங்கியது. காப்பிக்குக் காப்பி கலங்கவும் இல்லை. கண்ணாடி மாதிரி தெளிவு!

"உரிமை வாங்கினால் நிறுத்து" என்ற மூன்றாவது கட்டுப்பாட்டைச் சில குழுக்கள் காப்பாற்றின. பல குழுக்கள் காற்றில் விட்டன. ஒருவர் நிறுத்தினாலும் ஏற்கனவே பரவியதை யார் பிடித்து நிறுத்துவது?

2004 டிசம்பரில் முதல் அடி விழுந்தது. "மீடியா பேக்டரி" என்ற ஜப்பான் கம்பெனி, வக்கீல் மூலம் ரசிகர் குழுக்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. அத்தனை ஆண்டு மவுனம் கலைந்தது.

அதற்குள் நஷ்டம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. 2007-ல் "ஜெனியான்" கம்பெனியின் அமெரிக்கப் பிரிவு விற்பனையை நிறுத்தியது. 2009-ல் சென்ட்ரல் பார்க் மீடியா திவால். அதே ஆண்டில் ஏ.டி.வி. பிலிம்ஸும் கடையை மூடிச் சொத்தை விற்றது. டிஸ்க் வியாபாரம் படுத்தது, கடன் ஏறியது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஓசியில் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்க ஆள் குறைந்ததும் ஒரு காரணம்.

கல்லூரி ரசிகர்களை நம்பி முளைத்த கடைகள், அவர்கள் தம்பிமாரின் காலத்தில் சாய்ந்துவிட்டன!

மறுபடியும் பெர்க்லி!

2006-ல் அதே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த வாலிபர்கள் சிலர் "கிரஞ்சிரோல்" என்ற இன்டர்நெட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ரசிகர்கள் எழுத்து ஏற்றிய படங்கள் உரிமை இல்லாமலே அதில் ஓடின. பிறகு ஒரு முதலீட்டுக் கம்பெனி அதில் 40 லட்சம் டாலருக்கு மேல் கொட்டியது.

முறைப்படி உரிமை வாங்கி வைத்திருந்த கம்பெனிகள் கொதித்தன. "நாங்கள் காசு கொடுத்து வாங்கியதை இவர்கள் சும்மா போட்டு முதலீடு தேடுகிறார்களே" என்பது அவர்கள் நியாயம். பழைய மாணவர்களின் முதல் கட்டுப்பாடே இங்கே உடைந்தது. லாபம் உள்ளே வந்துவிட்டது.

2009 ஜனவரியில் கிரஞ்சிரோல் வழிக்கு வந்தது. திருட்டுப் படங்களை எல்லாம் எடுத்துவிட்டது. "டி.வி. டோக்கியோ" நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, "நருட்டோ" தொடரை ஜப்பானில் ஓடிய ஒரு மணி நேரத்தில் சந்தா கட்டியவர்களுக்குக் காட்டியது. உடனே கிடைக்கிறது, நியாயமான விலைக்குக் கிடைக்கிறது என்றதும் ஜனங்கள் சந்தா கட்டினார்கள்.

2021 ஆகஸ்டில் அந்த நிறுவனம் கைமாறியது. விலை 117 கோடியே 50 லட்சம் டாலர். அப்போதைய மதிப்பில் சுமார் 8,700 கோடி ரூபாய். வாங்கியது யார் தெரியுமா? சோனி! வீடியோ டெக் விற்றதற்காக ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டு வரைக்கும் போன அதே கம்பெனிதான்.

2024-ல் சந்தாதாரர் எண்ணிக்கை ஒன்றரைக் கோடியைத் தாண்டியது.

லாபம் பார்த்தவருக்கு ஜெயில்

எல்லாத் திருட்டும் இப்படிச் சுபமாக முடியவில்லை. ஜப்பானில் "மங்காமுரா" என்று ஒரு தளம் இருந்தது. காமிக்ஸ் புத்தகங்களை உரிமை இல்லாமல் வெளியிட்டு, விளம்பரத்தில் காசு பார்த்தது. 2018-ல் மூடப்பட்டது. நடத்தியவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். பிலிப்பைன்ஸில் பிடித்துக் கொண்டு வந்தார்கள். 2021 ஜூனில் புகுவோகா கோர்ட்டு அவருக்கு 3 ஆண்டு ஜெயிலும், 1 கோடி யென் அபராதமும் விதித்தது.

அவர் எடுத்ததும் காப்பிதான். பெர்க்லி மாணவர்கள் எடுத்ததும் காப்பிதான். ஆனால் அவர்கள் கைக்காசைச் செலவழித்தார்கள். இவர் காசு பார்த்தார். உரிமையாளர் வந்ததும் ஒதுங்க அவர்கள் தயாராக இருந்தார்கள். இவர் கடைசி வரைக்கும் ஒதுங்கவில்லை.

படம் வரைகிறவனுக்கு என்ன?

இந்தக் கதையில் யாரும் அதிகம் பேசாத ஆள் ஒருவர் உண்டு. ஜப்பானில் ராப்பகலாக உட்கார்ந்து ஒவ்வொரு படமாக வரைகிற சாதாரண ஓவியர். ஒரு படத்துக்குச் சுமார் 200 யென் என்ற கணக்கில் கூலி வாங்கும் இளம் ஓவியர்கள் உண்டு. இந்திய மதிப்பில் நூறு ரூபாய்க்குச் சற்று முன்னே பின்னே.

திருட்டு டேப் ஓடினபோதும் அந்தக் கை வரைந்தது. கோடிக்கணக்கில் சந்தா வந்த பிறகும் அதே கைதான் வரைகிறது. உரிமைப் பணம் கம்பெனிக்குப் போகிறது. அதில் எவ்வளவு அந்தக் கைக்கு இறங்குகிறது என்ற கேள்விக்கு எந்தக் கோர்ட்டும் தீர்ப்பு சொல்லவில்லை.

தமிழ் பேசுது!

இப்போது இந்தக் கார்ட்டூன்கள் தமிழிலும் பேசுகின்றன. கிரஞ்சிரோல் பல தொடர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து வருகிறது. 2025 செப்டம்பரில் "டீமன் ஸ்லேயர்: இன்பினிட்டி காசில்" என்ற படம் தமிழ் உள்பட பல மொழிகளில் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள் நம் பிள்ளைகள்.

கதைச் சுருக்கத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கலங்கிய டேப்பைப் பார்த்த அந்த மாணவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான். வெட்டாத படம், விளங்குகிற மொழியில், விலைக்கு வேண்டும். கிடைக்கிற வரைக்கும் திருடினார்கள். கிடைத்ததும் வாங்கினார்கள்.

இன்றைக்கு எல்லாம் விலைக்குக் கிடைக்கிறது. இனியும் ஓசியில் இறக்குகிறவர், "நானும் ரசிகன்தான்" என்று அந்தப் பழைய மாணவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது!